குதிரை முடியட்டும்

வாங்க சார், உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேணாம், தரை பூராவும் மரச்சில்லு, காலைக் குத்தும். அங்க வேணாம் சார், இப்படி என் எதிர்ல வந்து உக்காருங்க. முகம் பாத்துப் பேசினாத்தான் எனக்குப் பேச்சு ஓடும். முதுகுக்குப் பின்னாடி நின்னு பேசறவங்கன்னா எனக்கு ஆகவே ஆகாது.

என் பேரு தாண்டவமூர்த்தி. ஊரா கேட்டீங்க? இதே கள்ளக்குறிச்சிதான். எனக்குப் பேருன்னு கேட்டுச்சு. தப்பா நினைக்காதீங்க சார், இப்பல்லாம் யாரும் வாயைத் திறந்து பேசறதில்ல. எல்லாரும் உதட்டுக்குள்ளயே பேசி உதட்டுக்குள்ளயே முடிச்சுடறாங்க. போன்ல அதுக்கு மேல. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசினா யாருக்கு என்ன புரியும்? அதனால போனை எங்க ராஜமாணிக்கத்துக்கிட்ட குடுத்துட்டேன். என்கூட வேலை செய்யறவரு. நீங்க ரிஷப வாகனம் கேட்டு வர்றதா அவருதான் சொன்னாரு. மர மில்லுக்குப் போயிருக்காரு, வந்துடுவாரு. அளவெல்லாம் அவரு வந்ததும் பேசிக்கலாம். அதுவரைக்கும் இந்த அம்மன் மூக்கை முடிச்சிடறேன். கை வேலை செஞ்சாலும் வாய் பேசும்.

ரிஷபம் செஞ்சு குடுத்துடலாம் சார். எந்த விசேஷத்துக்கு வேணும்னு தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க. போன பங்குனிக்கு ஒரு குதிரை செஞ்சு குடுத்தேன். அந்தக் குதிரையில பட்ட பாடு போதும். வேலைப் பாட்டைச் சொல்லல. குதிரை அருமையா வந்துச்சு. வீட்டுப் பாட்டைச் சொல்றேன்.

சொன்னா சிரிப்பீங்க. என் பொண்டாட்டிக்கு ஆபரேஷன் நடந்துச்சு சார். பெரிய ஆபரேஷன். ஊருக்கே தெரியும். தெருக்கோடி வளையல் கடைக்காரம்மாவுக்குத் தெரியும். கட்டின புருஷன் எனக்குத் தெரியாது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இது நியாயமான்னு நீங்களே சொல்லுங்க.

அவ பேரு சௌந்தரம். எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. அவளும் நானும்தான். முன்னால வீடு, பின்னால பட்டறை. நடுவுல இந்தக் கதவுதான். சாப்பாடு, காப்பி, வந்தவங்க போனவங்க, எல்லாத்துக்கும் அவ அந்தக் கதவுல வந்து நிப்பா. நான் இங்க உக்காந்திருப்பேன், அவளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. வெளிச்சம் அந்தப் பக்கம் ஜன்னல்லதான வருது, வேற எப்படி உக்கார்றது?

அந்தத் தை மாசம் ஆரம்பிச்சு எனக்கு மூச்சு விட நேரம் இல்ல. ஒரு பக்கம் குதிரை. பங்குனி உத்திரத்துக்கு சாமி அதுல ஏறியாகணும். இன்னொரு பக்கம் சிங்கப்பூர் கோயிலுக்கு துவாரபாலகர் ஒரு ஜோடி. அதுக்கு நடுவுல கேரளாக்காரரு ஒருத்தரு ஓட்டலுக்குக் கதவு வேணும்னு நிக்கிறாரு. பொழுது விடியறதுக்குள்ள வந்து உக்காருவேன். மிஷின் வச்சு அறுப்பு, கிரைண்டர் வச்சு உருவம் தள்றது, அப்புறம் உளியும், அதைத் தட்டற கொட்டாப்புளியும். ஆளுங்க எத்தனை பேரு இருந்தாலும் முகம் மட்டும் நான்தான் செய்வேன் சார். உடம்பை யாரு வேணாலும் செதுக்கலாம். முகத்துல கை மாறினா சாமி மாறிடும்.

அப்படி ஒருநாள் குதிரைக்குக் கட்டை அறுத்துக்கிட்டு இருந்தேன். மிஷின் ஓடுது. இவ வந்து கதவுல நிக்கிறா. நிழல் விழுந்துச்சு, திரும்பிப் பாத்தேன். வயித்துல கையை வச்சுக்கிட்டு என்னமோ சொல்றா. வயிறுங்கற வார்த்தை விழுந்துச்சு. சாப்பிடக் கூப்பிடறான்னு நினைச்சேன். "எனக்கு இப்ப ஒண்ணும் வேணாம், மூடி வச்சிட்டுப் போ, அப்புறம் பாத்துக்கலாம்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் நின்னா. போயிட்டா. சாப்பிடக் கூப்பிட்டதுக்குப் பதில் சொன்னது ஒரு குத்தமா சார்?

அதுக்கப்புறம் அடிக்கடி வெளிய போக ஆரம்பிச்சா. அவ அண்ணன் ஆதிமூலம் ஆத்தூர்ல இருக்காரு, எனக்கு மச்சான். அவரு சம்சாரம் கஸ்தூரி வரும், இவளைக் கூட்டிக்கிட்டுப் போகும். சாயங்காலம் திரும்பி வருவாங்க. ஏதோ கோயில் குளம், துணிமணின்னு இருந்துட்டேன். நான்தான் எங்கயும் கூட்டிக்கிட்டுப் போறதில்லையே, அண்ணிகூடவாவது போயிட்டு வரட்டும்னு சந்தோஷமாக்கூட இருந்துச்சு. முகம் வெளுத்துத்தான் போயிருந்துச்சு. வெயில்ல அலையறான்னு நினைச்சேன்.

இன்னொரு நாள் வந்தா. மாசி மாசம். குதிரைக்குப் பிடரி மயிர் தள்ளிக்கிட்டு இருந்தேன். அலை அலையா வரணும், ஒண்ணு மேல ஒண்ணு படியணும், காத்துல பறக்கற மாதிரியும் இருக்கணும். ராஜமாணிக்கம் அந்தப் பக்கம் கிரைண்டர் போட்டுக்கிட்டு இருக்காரு. இவ இந்தத் தடவை கதவுல நிக்கல, கிட்டவே வந்துட்டா. என்னங்கன்னு சொல்லி, கட்டை இருக்காம், எடுக்கணுமாம்னு சொன்னா.

மரம் விக்கறவங்க வீட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லிட்டுப் போறது உண்டு சார். ஆத்தூர்ப் பக்கம் எங்கயோ நல்ல வாகை மரம் விழுந்திருக்கு, அண்ணன் சொல்லி அனுப்பியிருக்காருன்னு நான் நினைச்சேன். எனக்கும் கட்டை தேவையாத்தான் இருந்துச்சு. அதனால சந்தோஷமாத்தான் சொன்னேன். "எடுத்துட வேண்டியதுதான், இதுல என்ன யோசனை. எனக்கு நேரம் இல்ல, உங்க அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போயி எடுத்துடு"ன்னேன். அவ அப்படியே பாத்துக்கிட்டு நின்னா. நீங்க வரலையான்னு கேட்டா. அது நல்லா விழுந்துச்சு. ராஜமாணிக்கம் மிஷினை நிறுத்தியிருந்தாரு. "குதிரை முடியட்டும்"னு சொன்னேன்.

வேற என்ன சொல்வேன் சார்? குதிரை முடியாம நான் எங்க போறது?

அப்புறம் அவ கிளம்பின அன்னைக்கு. கையில பை. நல்ல புடவை கட்டியிருந்தா. கஸ்தூரி வாசல்ல ஆட்டோவுல உக்காந்திருக்கு. நான் குதிரையோட மூக்குத் துவாரத்துல இருந்தேன். ரொம்ப நுணுக்கமான இடம். அதை விரிச்சாத்தான் குதிரை ஓடும், சுருக்கினா தூங்கும். அவ நின்னு ரொம்ப நேரம் என்னென்னமோ சொன்னா. நான் தலையை ஆட்டினேன். பொறந்த வீட்டுக்குப் போறா, இதுல என்ன கேட்டுத் தெரிஞ்சுக்கறது? "போயிட்டு வா, அவசரம் ஒண்ணும் இல்ல, இருந்துட்டே வா"ன்னேன். நல்ல மனசோடதான் சொன்னேன். போகும்போது குதிரை கழுத்தை ஒரு தடவை தடவிக் குடுத்துட்டுப் போனா. அதைப் பாத்து எனக்குச் சந்தோஷம். எதையும் நல்லாருக்குன்னு சொல்ல மாட்டா அவ.

அதோட போனவதான்.

நான் மெஸ்ஸுல சாப்பிட்டேன். வேலை வேலைன்னு நாள் போனதே தெரியல. ஒருநாள் ராஜமாணிக்கம் போனைக் கொண்டாந்து நீட்டினாரு, உங்க வீட்டம்மான்னு. காதுல வச்சேன். கொரகொரன்னு என்னமோ கேட்டுச்சு. "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், குதிரைக்குக் கண்ணுதான் பாக்கி"ன்னு சொல்லிட்டுக் குடுத்துட்டேன். அவ என்ன கேட்டிருக்கப் போறா, அதைத்தான் கேட்டிருப்பா.

குதிரை முடிஞ்சுது சார். நீங்க பாக்கணும் அதை. முன்னங்கால் ரெண்டும் தூக்கி, கழுத்தை வளைச்சு, அப்படியே தெருவுல இறங்கிடும் போல. கோயில்ல வச்சுக் கண் திறந்தேன். உத்திரத்தன்னைக்கு சாமி அதுல ஏறி வெளிய வந்தாரு. எனக்குப் பரிவட்டம் கட்டினாங்க, மாலை போட்டாங்க. மேளம், பறை, வேட்டு, ஒரே சத்தம். அந்தக் கூட்டத்துல நம்ம வளையல் கடைக்காரம்மா நிக்குது. என்னைப் பாத்ததும் கிட்ட வந்து என்னமோ கேட்டுச்சு. நான் சிரிச்சேன், ஆமாம்மா நல்லா வந்திருக்குன்னு குதிரையைக் காட்டினேன். அது என்னை ஒரு மாதிரியா பாத்துட்டு, என் காதுல வாயை வச்சுக் கத்துச்சு.

"குதிரை இல்லண்ணே. அக்காவுக்கு ஆபரேஷன் ஆச்சே, எப்படி இருக்காங்கன்னு கேட்டேன்."

சாமி என் முன்னாடி போயிட்டு இருக்காரு. நான் செஞ்ச குதிரை. எனக்கு அது குதிரையாவே தெரியல. தலையில கட்டின பரிவட்டத்தோடயே ஓடிப் போயி ஆத்தூர் பஸ்ஸுல ஏறிட்டேன். பஸ்ஸுல எல்லாரும் என்னையே பாக்கறாங்க. எதுக்குப் பாக்கறாங்கன்னு இறங்கினப்புறம்தான் தெரிஞ்சுது.

மச்சான் வீட்டுல கட்டில்ல படுத்திருந்தா. கன்னமெல்லாம் ஒட்டிப் போயி, கையில ஊசி குத்தின இடம் கறுத்துப் போயி. எனக்கு அழுகை வர வேண்டியது, கோவம் வந்துச்சு. கத்தினேன் சார். என்ன மனுஷி நீ, நான் செத்தா போயிட்டேன், ஊரே சொல்லித் தெரியணுமா எனக்குன்னு கேட்டேன். மச்சான் எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அவ பதில் சொன்னா. படுத்துக்கிட்டே மெதுவா சொன்னா. மேல ஃபேன் வேற கடகடன்னு சுத்துது. உதடு அசையறதுதான் தெரியுது. சரி, வியாதிக்காரிகிட்ட என்ன சண்டைன்னு நானே இறங்கி வந்தேன். பக்கத்துல உக்காந்தேன். கோவம் ஆறட்டும்னு வேலைப் பேச்சுக்கு வந்தேன்.

"அது கெடக்கட்டும். என்னமோ கட்டை எடுக்கணும்னியே, எடுத்தாச்சா?"

அவ என்னையே பாத்தா. எடுத்தாச்சுன்னு தலையை ஆட்டினா. எவ்வளவு பெருசுன்னு கேட்டேன். ரெண்டு கையையும் குவிச்சுக் காட்டினா, ஒரு தேங்காய் அளவுக்கு.

"அவ்வளவுதானா? இதுக்கா உங்க அண்ணனை அலைய வச்சே? இதுல ஒரு சின்னப் பொம்மை கூட வராதே."

கஸ்தூரி கையில கஞ்சி டம்ளரோட வந்துக்கிட்டு இருந்துச்சு. அப்படியே நின்னுடுச்சு. சௌந்தரம் சிரிக்க ஆரம்பிச்சா. தையல் போட்ட இடத்தைக் கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறா. எனக்கு ஒண்ணும் புரியல, நானும் சிரிச்சேன். அப்புறம் பாத்தா அழுதுக்கிட்டு இருக்கா. எப்ப சிரிப்பு நின்னுச்சு, எப்ப அழுகை வந்துச்சு, எனக்குத் தெரியல. முந்தானையால வாயை மூடிக்கிட்டு கஸ்தூரிகிட்ட என்னமோ சொன்னா. கஸ்தூரி டம்ளரை வச்சுட்டு என் பக்கத்துல வந்து குனிஞ்சு, காதுகிட்ட நிறுத்தி நிறுத்திச் சொல்லுச்சு.

"கட்டை இல்லண்ணே. கட்டி. கர்ப்பப்பையில கட்டி. கர்ப்பப்பையோட எடுத்துட்டாங்க."

நான் உக்காந்திருந்தேன் சார். என் கை ரெண்டும் மடியில கெடக்குது. இந்தக் கையை எங்க வைக்கறதுன்னு எனக்குத் தெரியல. அவ காலைத் தொடலாமான்னு நினைச்சேன். தொடல. பிள்ளை இல்லைன்னு அவ எத்தனை கோயில் ஏறினான்னு எனக்குத் தெரியும். நான் போயி பொம்மை வராதுன்னு சொல்லியிருக்கேன்.

ஆனா ஒண்ணு கேக்கறேன் சார். தப்பு யார் மேல? கட்டி, கட்டை. ஒரு எழுத்து. அந்த ஒரு எழுத்தை அழுத்திச் சொல்லியிருந்தா நான் உளியைப் போட்டுட்டு ஓடியிருக்க மாட்டேனா? மூணு தடவை சொன்னேங்கறா, கஸ்தூரி மூலமா. சரி, சொன்னே. காதுல விழற மாதிரி சொன்னியா? நான் தலையை ஆட்டினேனாம். வேலை செய்யறவன் தலை ஆடத்தான் செய்யும். அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போன்னு நான்தான் சொன்னேனாம். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு போன் பண்ணி, எனக்குப் பயமா இருக்குங்கன்னு சொன்னாளாம். அதுக்கு நான் குதிரைக்குக் கண்ணுதான் பாக்கின்னு சொன்னேனாம்.

சொன்னேன்தான். இல்லைங்கல.

அப்புறம்தான் வந்துச்சு பெரிய வார்த்தை. கொஞ்ச நேரம் கழிச்சு அவளே எந்திரிச்சு உக்காந்தா. என் தாடையைப் பிடிச்சு அவ பக்கம் திருப்பினா. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி, வாயை அகல அகலத் திறந்து சொன்னா.

"நீங்க காது டாக்டரைப் பாருங்க. பாத்துட்டு வந்து கூப்பிடுங்க. வரேன்."

வெளிய போன மச்சான் திரும்பி வந்து நிக்கிறாரு, கஸ்தூரி நிக்குது. அவங்க முன்னாடி என்னைச் செவிடுங்கறா. எனக்கு வந்துச்சே கோவம். நான் சத்தத்துலயே வாழ்றவன் சார். கிரைண்டர், மிஷின், கொட்டாப்புளி, காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் இதுக்கு நடுவுலதான் உக்காந்திருக்கேன். எனக்கா காது கேக்காது? வரலைன்னா இருந்துக்கோன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். கோவத்துல சொன்னதுதான். அதோட சித்திரை போயி வைகாசியும் வந்துடுச்சு. நானும் போகல, அவளும் வரல.

வேலைக்கு ஒரு குறையும் இல்ல. பாக்கறீங்க இல்ல, நிக்க இடம் இல்லாம கெடக்குது. ஒண்ணே ஒண்ணுதான். சிங்கப்பூர் துவாரபாலகர்ல ஒருத்தரு நெஞ்சுல வெடிச்சுப் போச்சு. முகமெல்லாம் முடிச்சு, உப்புத்தாள் போட்டு, நாளைக்கு அனுப்பணுங்கற நேரத்துல வெடிப்பு. பொளந்து பாத்தா கட்டைக்கு உள்ள பொந்து. நான் கட்டை எடுக்கும்போது தட்டிப் பாக்காம எடுக்கவே மாட்டேன். தட்டினா தெரிஞ்சிடும், உள்ள கெட்டியா, பொந்தான்னு. இதையும் தட்டித்தான் எடுத்தேன். ராஜமாணிக்கம் சொல்றாரு, அன்னைக்கே தட்டினப்ப டொக்கு டொக்குன்னு கேட்டுச்சே, நீங்க சரின்னு சொன்னதால நான் பேசாம இருந்துட்டேன்னு. எனக்குக் கெட்டியாத்தான் இருந்துச்சு. கைக்குக் கெட்டியாத்தான் இருந்துச்சு சார். மரக்காரன் ஏதோ பூசி அடைச்சு ஏமாத்திட்டான்.

என்ன சார், எந்திரிச்சிட்டீங்க? உக்காருங்க, ராஜமாணிக்கம் வந்துடுவாரு. தண்ணி வேணுமா? பானை அந்தப் பக்கம் இருக்கு.

நான் என்ன சொல்ல வரேன்னா, அவ இல்லாம வீடு நல்லா இல்ல. அதை நான் ஒத்துக்கறேன். கதவுல ஒரு நிழல் விழும். அது விழறதில்ல. அவ்வளவுதான். ஆனா அவ பிடிவாதக்காரி. நான் டாக்டர்கிட்டப் போகாம அவ இந்த வாசல்ல காலை வைக்க மாட்டா. நானும் போக மாட்டேன். கேக்கற காதுக்கு எதுக்கு டாக்டரு? இதோ இவ்வளவு நேரமா உங்ககூடப் பேசிக்கிட்டு இருக்கேன். எதையாவது கேக்காம விட்டேனா?

ஏன் சார் தோளைப் பிடிக்கறீங்க? என்ன? எங்க?

ஓ.

எப்ப வந்தா? பையை வேற கையிலயே வச்சுக்கிட்டு நிக்கிறா. ஏன் உள்ள வராம அங்கயே நிக்கிறா?

கூப்பிட்டாளா? எப்ப? நீங்க எந்திரிச்சீங்களே, அதுக்கு முன்னாடியா? அப்ப இருந்தா கூப்பிட்டுக்கிட்டு இருக்கா?

உங்களுக்குக் கேட்டுச்சா?

சார், மிஷின் எதுவும் ஓடலையே? இல்ல. நான் உளியைக்கூடக் கீழ வச்சுட்டேன். ஃபேனும் நின்னுடுச்சு, கரண்ட் இல்ல. நீங்களும் பேசல.

ஒரு உதவி பண்ணுங்க சார். நான் முன்ன மாதிரியே திரும்பி உக்காந்துக்கறேன், ஜன்னலைப் பாத்துக்கிட்டு. அவளை அங்க இருந்தே இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லுங்க. கத்த வேணாம். எப்பவும் கூப்பிடற மாதிரி.

உக்காந்துட்டேன். கூப்பிடச் சொல்லுங்க.

கூப்பிட்டாளா சார்?